மாதிரிக் குரல்

எருமை கத்தாது. எங்கள் கார்ட்டூன் தொடருக்கு இருந்த ஒரே விதி அதுதான். மேசை மேல் குரங்கு ஏறி நின்று கோப்புகளைக் கிழித்துப் போட்டாலும், கூரை ஒழுகி மூக்குக் கண்ணாடியில் சொட்டினாலும், புகார்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கும் எருமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ம்ம்ம்... பார்க்கலாம்" என்று சொல்லுமே ஒழியக் குரலை உயர்த்தாது. அந்த எருமைக்குக் குரல் கொடுப்பவன் நான். அப்படிப்பட்ட எருமை, அடுத்து வரவிருந்த ஒரு பகுதியில் முதன்முறையாகக் கத்தப்போகிறது. இதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறை. நான் மூச்சு விடவில்லை. தம்பி வீட்டில், அவன் மகளின் பிறந்தநாளன்று, பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, வாயில் பாதிக் கேக்கோடு, அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால் கத்தியே காட்டிவிட்டேன்.

கத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். பிள்ளைகள் கேட்டது "பார்க்கலாம்" மட்டும். அதைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருந்தால் கைதட்டலோடு போயிருக்கும். ஆனால் கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி கொஞ்சம் பின்தங்கிவிடும். "எருமை கத்தினா எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று நானாகவே ஆரம்பித்தேன்.

முதல் கத்தல் பிரமாதமாக வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று குதித்தார்கள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில், கத்தலின் உச்சியில், தொண்டைக்குள் ஏதோ செருப்பு வார் அறுந்த மாதிரி 'டப்' என்றது. வாய் திறந்தபடி இருக்கிறது, நரம்பு புடைத்தபடி இருக்கிறது, வருவது வெறும் காற்று. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தக் காற்று.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் பலூன் கட்டிக்கொண்டிருந்த தம்பி நிலைமையைப் புரிந்துகொண்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றபடி, மெதுவாக, "ம்ம்ம்... பார்க்கலாம்" என்றான். நான் அதற்கேற்ப வாயை அசைத்தேன். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தம்பி மனைவி இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை, நாலைந்து சிரிப்புப் பொம்மைகளைச் சேர்த்து, தொடரின் டைரக்டரம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்குச் செலவுகூட ஆகவில்லை.

என் குரலும் தம்பி குரலும் ஒன்றா என்று கேட்டால், எங்கள் அப்பாவுக்கே கடைசிவரை தெரியாது. அடுத்த அறையிலிருந்து யார் பதில் சொன்னாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் திட்டுவார். தம்பிக்குக் கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஒருமுறை போனில் என்னை அவன் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தைப் பற்றி நிறைய உண்மைகளைச் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. அதில் அண்ணனைப் பற்றி வந்த பகுதி ரொம்பவும் நுட்பமாக இருந்தது.

ஆனால் குரல் ஒன்றே தவிர, பேச்சு வேறு. நான் கடலைப்பொரி. அவன் ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் அதைத் தூக்கிப் பார்த்து, எடை போட்டு, வேண்டாம் என்று கீழே வைத்துவிடுவான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தில், ஏதாவது ஒரு மாடியில், மூச்சு வாங்க நிற்கும் யாராவது ஒருவர் அவனிடம் "எப்ப சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு அவன் வைத்திருந்த பதில்தான் அது. முதலில் நெஞ்சிலிருந்து ஒரு 'ம்ம்ம்'. ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் "பார்க்கலாம்." கேட்டவருக்கு நம்பிக்கையும் வராது, கோபமும் வராது. என்னவோ, கொஞ்சம் தூக்கம் வரும்.

எருமைக்கு ஆள் தேடிய நாளில் நான் எத்தனையோ கட்டைக் குரல்களைப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. "சார், இது எருமை இல்ல, வில்லன்" என்றார் டைரக்டரம்மா. இடைவேளையில் தம்பியின் போன் வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எப்போது வந்து பார்ப்பாய் என்று கேட்டேன். "ம்ம்ம்... பார்க்கலாம்ணே" என்றான். நான் மைக்குக்குத் திரும்பி வந்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். பேட்டிகளில் கேட்கும்போது மட்டும், எருமைகளோடு மாதக்கணக்கில் பழகினேன் என்று சொல்லிவந்தேன். எருமைகள் மறுத்ததில்லை.

அதற்கு முன்னால் நான் யாராக இருந்தேன் என்று கேட்டால் சபையில் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் நத்தை. ஒரு தொடரில் பாதி ரொட்டித் துண்டு; மறுபாதிக்கு வேறு ஆள். ராஜாவின் மீசைக்குத் தனிக் குரல் இருந்தது, அது நான்; ராஜாவை ஒரு பெரிய நடிகர் பேசினார், அவரும் நானும் சந்தித்துக்கொண்டதே இல்லை. அந்தத் தொடர்கள் எல்லாம் செய்தி முடிந்து, மூட்டுவலித் தைலம் விளம்பரம் ஓடி, நல்ல குடும்பங்கள் எல்லாம் டிவியை அணைத்த பிறகு வரும். மாமனார் ஒவ்வொரு முறையும், "மாப்பிள்ளை, நீங்க மனுஷனா எப்ப வருவீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்பார். எருமை வந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அவரே தன் நண்பரிடம், "எருமைன்னா சும்மா இல்லைங்க, கவர்மென்ட் எருமை" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அந்த எருமை ஒன்றுதான் என் சொத்து. அதனால்தான் பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் வாயைத் திறந்து, வெறும் காற்று மட்டும் வந்தபோது, நான் வழக்கம்போலச் சிரிப்பு மூட்டப் பார்த்தும் எனக்கே சிரிப்பு வரவில்லை.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். உள்ளே குரல் நாண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. ஒன்றின் ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"பேசவே கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. தொண்டையைச் செருமக் கூடாது" என்றார்.

நான் என் மகளின் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன்: 'பழைய குரல் திரும்ப வருமா?'

டாக்டர் படித்தார். படத்தைப் பார்த்தார். "ம்ம்... பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, "அய்யோ, உங்ககிட்டயே உங்க டயலாக்கைச் சொல்லிட்டேனே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். காசு கொடுத்துச் சிரிக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மௌனம் தொடங்கியது. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். தினமும் நூறு பேருடைய இருமலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, வந்ததும் என்னுடைய நத்தையையும் மீசையையும் கேட்க வேண்டியிருந்தது இத்தனை வருடமாக. இப்போது வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அமைதியாக டீ குடித்தாள்.

"நிஜமாச் சொல்றேங்க, இப்பதான் நமக்குத் தேனிலவு நடக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

பலகையில் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் நகைச்சுவை ஆறிப்போனது. எழுதிச் சிரிக்க வைப்பது வேறு தொழில். எனக்கு வாய்தான் கை.

டைரக்டரம்மா வீட்டுக்கே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்டுடியோவில் எல்லோரையும் பாத்திரத்தின் பெயரால்தான் கூப்பிடுவது. "குரங்கும் வாத்தும் ரொம்ப விசாரிச்சாங்க சார்" என்றார். மகள் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். எருமை கத்துகிற பகுதியின் முன்பாதியை நான் முன்பே பேசி முடித்திருந்தேன். பின்பாதி பாக்கி. எங்கள் தொடரில் முதலில் குரல், அதற்கப்புறம்தான் படம். குரல் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே படம் வரைகிறவர்கள் எருமைக்கு மூக்கை விடைக்க வைப்பார்கள். குரல் இல்லையென்றால் எருமைக்கு வாயே கிடையாது.

"படம் போடறவங்க கை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். அவங்களுக்காக ஒரு மாதிரி மட்டும் எடுத்து வச்சுக்கறோம். நீங்க சரியானதும் அது மேல வந்து பேசிடுங்க."

மாதிரி என்பது தொழிலில் ஒரு வார்த்தை. நடிகர் வர முடியாதபோது ஸ்டுடியோவில் இருக்கும் யாராவது ஒருவர், டீ கொடுப்பவர்கூட, அந்த வசனத்தைச் சும்மா படித்து வைப்பார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. பின்னால் நிஜக் குரல் வந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். நானே எத்தனையோ பெரிய நடிகர்களுக்கு மாதிரி படித்திருக்கிறேன். ஒன்றுகூட ஒளிபரப்பானதில்லை.

'யார் படிக்கறா?' என்று எழுதினேன்.

"அது... யாராவது ஒருத்தர். பார்க்கலாம் சார்" என்றார். ஆப்பிளை எடுத்துத் தானே நறுக்க ஆரம்பித்தார்.

மௌனம் முடியவில்லை. டாக்டர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் மகள் ஓடி வந்து, "அப்பா, இன்னிக்கு எருமை கத்துதாம்! டிவில விளம்பரம் போடறான்" என்றாள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். முன்பாதி நான்தான். 'விண்ணப்பம்' என்று சொன்ன இடத்தில் எச்சில் விழுங்கிய சின்னச் சத்தம்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. பின்பாதியில் குரங்கு வந்து மேசை மேல் ஏறியது. எருமை கண்ணாடியைக் கழற்றியது. துடைத்தது. மாட்டவில்லை. எழுந்து நின்றது. கத்தியது.

என்ன கத்தல்! கத்தல் என்றா சொல்வது அதை? இத்தனை வருடம் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று விழுங்கியதெல்லாம் வயிற்றிலிருந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது. கத்தி முடித்துவிட்டு எருமை தானே பயந்துபோய் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அந்தப் பெருமூச்சில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. கூடவே ஒரு குழப்பம். நான் ஒத்திகையாகச் சிலமுறை கத்திப் பதிவு செய்தது உண்டு. டைரக்டரம்மாவுக்கு எதுவும் பிடிக்காமல் ஒதுக்கி வைத்தார். அதில் ஒன்றை எடுத்து ஒட்டியிருப்பார்களோ? அல்லது சாரத்தைப் பிரிக்காமலே கட்டடத்துக்குத் திறப்பு விழா நடத்திவிட்டார்களோ? இருபது வருடமாகக் குரலை விற்றுப் பிழைக்கிறவன், டிவியிலிருந்து வருவது தன் குரலா இல்லையா என்று தெரியாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

பலகையில் எழுதி மனைவியிடம் நீட்டினேன்: 'இது நானா?'

அவள் என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். "உங்க குரல் மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

'மாதிரி'க்கு அடியில் கோடு போட்டுத் திரும்ப நீட்டினேன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க குரல் எதுன்னு எனக்கே சந்தேகம். என்கிட்ட ஒருநாளாவது சொந்தக் குரல்ல பேசியிருக்கீங்களா? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதே நத்தைக் குரல்ல."

அது உண்மைதான். பயத்தில் அப்படிக் கேட்டேன். நத்தை கேட்டால் மறுக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு.

ஒருவழியாக டாக்டர் பேச அனுமதி கொடுத்தார். முதலில் மெல்ல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. குரல் வந்தது. ஆனால் போனவர் வேறு, வந்தவர் வேறு. அடியில் ஒரு கரகரப்பு, மணல் போட்டுத் தேய்த்த மாதிரி. மேலே போனால் நடுவில் ஒரு கிளை முறிந்தது. குளியலறையில் நின்று "ம்ம்ம்... பார்க்கலாம்" சொல்லிப் பார்த்தேன். குளியலறையில் எல்லாக் குரலும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நம்பவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போனேன். "எருமை சார் வந்துட்டார்!" என்று வரவேற்பறையில் சத்தம் போட்டார்கள். குரங்கு வந்து கட்டிக்கொண்டது. ஆனால் வாத்து என்னைப் பார்த்ததும் திடீரென்று தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்குத் தாகமே எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினேன். எருமையின் பழைய வசனங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் பொத்தானை அழுத்தி, "நல்லாருக்கு சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு மாதிரி நல்லாருக்கு" என்றார்.

'நல்லாருக்கு' வேறு. 'ஒரு மாதிரி நல்லாருக்கு' வேறு. ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று தமிழ்நாக்கு படைத்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"மேடம், நேராவே கேக்கறேன். அந்தக் கத்தல் யாரு?"

"சார், யாரு கத்தினா என்ன? எருமை கத்திச்சு. ஜனங்க ரசிச்சாங்க."

"அடுத்த வாரம் நான் வரட்டுமா?"

"நீங்க ஓய்வெடுங்க சார். அவசரமே இல்ல. நாங்களே கூப்பிடறோம்."

நாங்களே கூப்பிடுகிறோம் என்பது எங்கள் தொழிலில் மலர்வளையம். ஆனாலும் அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதனால் மேலே கேட்கவில்லை. வெளியே வரும்போது ரொட்டித் துண்டின் குரலில் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். பழக்க தோஷம்.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் மகள்.

"அப்பா எங்கடா கண்ணு?"

"வேலைக்குப் போயிருக்காரு பெரியப்பா. போனை வச்சுட்டுப் போயிட்டாரு."

"சரி. டிவில எருமை கத்தினதைப் பாத்தியா?"



"பெரியப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். "நீங்க கேட்டா அப்படிச் சொல்லணும்னு அப்பா சொன்னாரு."

குழந்தை சொன்னதைச் செய்தது. குற்றம் சொல்ல முடியாது. எந்தக் கட்டடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்ததா என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன். வந்திருந்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தபோது, எல்லாத் திட்டும் எருமைக் குரலில்தான் மனசுக்குள் ஓடியது. அதாவது அவன் குரலில். அவன் குரலை வைத்துக்கொண்டு அவனையே எப்படித் திட்டுவது?

பழைய அடுக்குமாடி. கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கதவு பாதி திறந்திருக்க, உள்ளே விளக்கு எரிந்தது. கிரீஸ் மசை நாற்றம். கூண்டின் கூரைக்கு மேல் யாரோ ஸ்பேனரால் தட்டும் சத்தம்.

"டேய்" என்றேன்.

தட்டுவது நின்றது. அப்புறம், "யாரு?" என்றான்.

எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் அவன் என்னை யாரென்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"உன் அண்ணன்."

"ஓ. உள்ள வாண்ணே. தரையிலதான் நிக்குது, பயப்படாத."

உள்ளே போய் நின்றேன். கூரையில் இருந்த சதுர மூடியைத் திறந்து தலையை நீட்டினான். தலைகீழாகத் தெரிந்தான். நெற்றியில் மசைக் கோடு. என் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"கைப்பிடியைப் புடிச்சுக்க. கொஞ்சம் மேல கொண்டு போறேன். நடுவுல ஒரு சத்தம் வருது, அதைக் கேக்கணும்."

கூண்டு அசைந்து, முனகிக்கொண்டு ஏறி, ஏதோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. கதவுக்கு எதிரே வெறும் செங்கல் சுவர்.

"அந்தப் பகுதியில கத்தினது யாருடா?" என்றேன்.

மேலே ஸ்பேனர் ஒன்று வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன் மக ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா. ரொம்ப நல்லாச் சொன்னா."

"அதுக்கு நடிப்பே வராதுண்ணே. நம்ம ரெண்டு பேரு மாதிரியும் இல்ல."

"நீயும் நடிகன்னு ஒத்துக்கறே."

அப்போது எங்களுக்கு மேலே எங்கேயோ ஒரு கதவைத் தட்டி ஓர் அம்மாள் கத்தினாள். "யாருங்க உள்ள? காய்கறிப் பையைத் தூக்கிக்கிட்டு எத்தனை மாடி ஏறறது? எப்பங்க சரியாகும்?"

பழக்கம் எப்படி என்று பாருங்கள். அவன் மேலே, நான் கீழே, இரண்டு பேரும் ஒரே மூச்சில் "பார்க்கலாம்மா" என்றோம்.



"உள்ள எத்தனை பேரு இருக்கீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

மூடிய கதவுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர் பேசினால், இதுவரை ஊரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வந்ததில்லை. அப்பாவுக்கு வந்ததில்லை. அவன் மனைவிக்கு வந்ததில்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் அசையவில்லை, நான்தான்.

"வேலை நடக்குதும்மா, படியில போயிடுங்க" என்று தம்பி அவளை அனுப்பிவைத்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டு ஏறிப்போகும் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

அவன் மூடி வழியாகக் காலைத் தொங்கவிட்டு விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். ஒரு செருப்பின் அடியில் ஏதோ பலூன் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாதிரின்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்றான். "நீ அனுப்பின வீடியோவைப் பாத்துட்டு அந்தம்மா போன் பண்ணிச்சு. அண்ணன் சரியாகற வரைக்கும் சும்மா படிச்சுக் குடுங்கன்னாங்க. உனக்கு உதவின்னு நெனச்சுத்தான் போனேன். கத்தச் சொன்னாங்க. எனக்குக் கத்தத் தெரியாதுன்னேன். 'யார்மேலயாவது கோவம் இருந்தா நெனச்சுக்கங்க'ன்னாங்க."

"யாரை நெனச்சே?"

காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"உன்னைத்தாண்ணே."

நான் ஒரு ஜோக் தேடினேன். பையில் சில்லறை தேடுவது போலத் தேடினேன். அகப்படவில்லை.

"எருமை வந்ததுலேர்ந்து என்னால ஒரு வார்த்தை பேச முடியலண்ணே" என்றான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எந்த பில்டிங்குக்குப் போனாலும், 'எப்ப சரியாகும்'னு கேப்பாங்க. நான் வாயத் தொறந்தா சிரிப்பாங்க. 'எருமை மாதிரியே பேசறீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க'ம்பாங்க. பொறந்ததுலேர்ந்து நான் பேசற பேச்சுண்ணே அது. அதை நான் உன்னைப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரி ஆகிப்போச்சு. கொஞ்ச நாளாப் பேசறதே இல்ல. ஸ்பேனரைத்தான் ஆட்டிக் காட்டறேன்."

எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியாது. அதையும் ஒரு நல்ல கதையாக்கி, பேட்டியில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ எருமைக் குரல்ல பதில் சொல்லுவே."

மேலே கம்பிவடம் லேசாக முறுகி ஓய்ந்தது. செங்கல் சுவரில் எவனோ ஒருவன், என்றைக்கோ, சாக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டிருந்தான். அது எதைக் காட்டுகிறது என்று தெரியவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன். சொந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். அதைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. "டாக்டர் பார்க்கலாம்னு சொல்லிட்டார். உன் அண்ணி, குரல் மாதிரிதான் இருந்துச்சுன்னா. டைரக்டரம்மா ஒரு மாதிரி நல்லாருக்குங்கறாங்க. இந்தக் குரலை என்னை விட்டா உள்ளேர்ந்து கேட்டவன் நீ ஒருத்தன்தான். இப்ப நான் பேசறதைக் கேட்டுக்கிட்டுதானே இருக்கே? எருமை இன்னும் என்கிட்ட இருக்கா, இல்லையா? பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத. உன் வாயால கேட்டா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு நல்ல மெக்கானிக் ஒரு கதவையே மாற்றியிருப்பான். நெஞ்சிலிருந்து 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். கூரையிலிருந்து இறங்கி, கூண்டுக்குள் என் எதிரில் வந்து நின்றுகொண்டு, மசைக் கையைப் பேண்ட்டில் துடைத்தான்.

"இல்லண்ணே" என்றான். "அந்தக் குரல் போச்சு. திரும்ப வராது. அடுத்த வாரத்துக்கும் கூப்பிட்டிருக்காங்க, வரேன்னு சொல்லிட்டேன். எருமையை இனிமே நான் பேசிக்கறேன். நீ உனக்கு வேற குரல் பாரு."